செல்லையாவின் மனைவி எப்போது வருவார்?

கவலைப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் கவலைக்கு ஒரு பட்டம் கொடுப்பார்களென்றால் இந்நேரம் பேராசிரியராகியிருப்பேன். (பேராசிரியரானால் எங்கே மேடையில் பேசச் சொல்லிவிடுவார்களோ என்று அதற்கும் கவலைப்பட்டிருப்பேன்.)

அந்த நாட்களில் நான் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். மனைவி மெர்சி மட்டக்களப்பில். அவளை இங்கே அழைப்பதற்கான விண்ணப்பம் கோப்பன்ஹேகனில், நீதி அமைச்சில். எங்களைப் போன்ற தமிழ் அகதிகள் எல்லாருடைய விண்ணப்பங்களும் அங்கே அசையாமல் கிடந்தன. அமைச்சரே அவற்றை நிறுத்திவைத்திருந்தது பின்னாளில் ‘தமிழர் வழக்கு’ என்று பெயரெடுத்து ஒரு அரசாங்கத்தையே வீட்டுக்கு அனுப்பியது. அப்போது அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. என்னிடம்தான் ஏதோ குறை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கிரின்ஸ்டெட் தேவாலயத்தில் மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் ‘பாட்டுப் பின்னேரம்’ வைப்பார்கள். கோப்பி, கேக், பிறகு ஞானப்பாட்டு. பாடுவதற்கு முன் பாட்டை எழுதியவரின் வாழ்க்கையை யாராவது எழுந்து சொல்ல வேண்டும். நான் கேட்ட அளவில் டென்மார்க்கின் பாட்டாசிரியர்கள் ஒருவரும் நிம்மதியாக இருந்ததில்லை. ஒருவருக்கு மனைவி இறந்துவிட்டாள், ஒருவருக்குப் பிள்ளைகள் இறந்துவிட்டார்கள், இன்னொருவருக்கு ஆயுள் முழுக்க நித்திரையே இல்லை. அந்தக் கடைசி ஆள்மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஒருநாள் பாதிரியார் கியர்ஸ்டன் அம்மா கேட்டார்: “அடுத்த முறை நீங்கள் ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடுங்கள். எழுதியவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.”

மெர்சிக்காக அமைச்சுக்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தவர் அவர். மறுக்க முடியுமா? ‘ஓம்’ என்றுவிட்டேன். பாட்டில் பிரச்சினை இல்லை. சின்ன வயதிலிருந்தே பாடுகிற கீர்த்தனை ஒன்று இருந்தது. எழுதியவர் யார் என்றுதான் தெரியவில்லை. ஊரில் எந்தக் காலத்தில் நாங்கள் அதைக் கேட்டோம்? பாட்டு நம்பரைச் சொல்வார்கள், எழும்பி நின்று பாடுவோம்.

எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்து ஆள், கோயிலுக்குப் போகிறவர், ஆனால் தேவாலயத்துக் கேக்குக்கு எதிரியில்லை. டென்மார்க்குக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்துக்கான பொலிஸ் விசாரணைக்கு என்னைத் தயார் செய்தவரும் அவர்தான்.

“தம்பி, கடதாசியோட இருக்கிற டெனிஷ்காரன் என்ன கேட்டாலும் ‘தெரியாது’ எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. பேர், தகப்பன்ர பேர், பிறந்த ஊர், செய்த தொழில், எல்லாம் டக் டக்கெண்டு வரவேணும்.”

அது என் எலும்பில் ஏறிவிட்டது.

அன்று மண்டபத்தில் நிறைய வயதானவர்கள். பின்வரிசையில் சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். சிவம் அண்ணையின் கையைச் சுரண்டினேன்.

“அண்ணை, அமைச்சு ஆளோ?”

“குறுக்கெழுத்துப் போட்டி செய்யிறார். பேசாமல் பாடு.”

பாடினேன். கைதட்டினார்கள். கியர்ஸ்டன் அம்மா கையில் ஒரு தாளோடு (பார்த்தீர்களா, தாள்!) கேட்டார்: “இதை எழுதியவர் யார்?”

ஊரில் என் சைக்கிளைத் திருத்துகிறவர்தான் நினைவில் வந்தார்.

“செல்லையா.”

பிறகு வாய் தானாக ஓடியது. “தகப்பன் பேர் கதிரேசு. பிறந்தது மட்டக்களப்பு. எட்டாம் வகுப்பு வரை படிச்சவர். தொழில், சைக்கிள் திருத்துறது.”

“எந்தக் காலம்?”

இவர்களுடைய பாட்டாசிரியர்களெல்லாம் பழைய ஆட்கள் என்பது ஞாபகம் வந்தது. “இருநூறு வருஷத்துக்கு முந்தி.”

சிவம் அண்ணை என் காதருகே குனிந்தார். “டேய், அப்ப ஏதடா சைக்கிள்?” நிமிர்ந்து, கொல்லர் என்று டெனிஷில் சொல்லிவிட்டார்.

“ஏன் இந்தப் பாட்டை எழுதினார்?”

துன்பம் வேண்டுமே. என்னிடம் இருந்தது ஒரேயொரு துன்பம். அதையே எடுத்துச் செல்லையாவுக்குக் கொடுத்தேன். மனைவியை ஊரில் விட்டுவிட்டு, கடல் கடந்து குளிர் தேசத்துக்குப் போனார், தனி அறை, சமைக்கத் தெரியாது, இரவெல்லாம் யோசனை. சிவம் அண்ணை மொழிபெயர்க்க, முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

அப்போதுதான் பியானோ வாசிக்கும் இங்கிரிட் கிழவி கையை உயர்த்தி, டெனிஷில் கேட்டார்: “அவருடைய மனைவி? அவர் பிறகு வந்து சேர்ந்தாரா?”

டெனிஷில் எனக்கு ‘மனைவி’ என்ற சொல் நன்றாகத் தெரியும். எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் கேட்கிற சொல். அதற்கான பதிலையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். சிவம் அண்ணை வாய் திறக்குமுன், பிழையில்லாத டெனிஷில், சத்தமாகச் சொன்னேன்:

“மனைவியின் விண்ணப்பம் அமைச்சில் இருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.”

சிவம் அண்ணை முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார்.

இங்கிரிட் கிழவி யோசித்தார். “இருநூறு வருடமாகவா?” பிறகு தலையை ஆட்டினார். “ஆம், அமைச்சு என்றால் நம்பலாம்.”

குறுக்கெழுத்துக்காரர்தான் முதலில் வெடித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கியர்ஸ்டன் அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒன்று மட்டும்தான் தோன்றியது: போச்சு, கடிதமும் போச்சு, மெர்சியும் போச்சு.

சிரிப்பு தானாகவே அடங்கியது. இங்கிரிட் கிழவி என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: “அவள் பெயர் என்ன?”

“மெர்சி.”

“செல்லையா?”

“என் சைக்கிளைத் திருத்துகிறவர்.”

அவர் பியானோவில் அமர்ந்து, நான் பாடிய மெட்டைத் தட்டுத் தடுமாறி வாசித்தார். வார்த்தை தெரியாத அத்தனை பேரும் முணுமுணுத்தார்கள். அன்று அமைச்சுக்குக் கடிதம் எழுதக் கியர்ஸ்டன் அம்மாவோடு இன்னும் பலர் உட்கார்ந்தார்கள். சாம்பல் கோட்டுக்காரர் தன் பென்சிலைத் தந்தார்.

கடிதங்களால் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் காத்திருந்தேன். கடையில் கண்டாலும் தெருவில் கண்டாலும் இங்கிரிட் கிழவி கேட்பார்: “செல்லையாவின் மனைவி வந்துவிட்டாரா?”

ஒருவழியாக மெர்சி பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது அவரும் வந்திருந்தார், கையில் ஒரு அட்டையோடு: ‘திருமதி செல்லையா, நல்வரவு’.

மெர்சி அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஆர் இந்தச் செல்லையா? எங்கட சைக்கிள் கடைச் செல்லையாவா? அவர் நான் வெளிக்கிடேக்கையும் கேட்டவர், உங்கட சைக்கிளை எப்ப எடுக்கப் போறீங்க எண்டு.”

இங்கே பிறந்த மகளுக்கும் இப்போது கதை முழுக்கத் தெரியும். நான் சோபாவில் இருந்தபடி, “மெர்சி, தேத்தண்ணி ஒண்டு?” என்று கேட்டால் போதும். குசினிக்குள்ளிருந்து மெர்சியின் பதில் வரும்:

“விண்ணப்பம் அமைச்சில இருக்குது, செல்லையா. காத்திருங்க.”