கிரேன் அண்ணாச்சியின் அறுபது வில்லாளிகள்

தூத்துக்குடியில் மனசாட்சியே இல்லாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது கிரேன் அண்ணாச்சிதான். அவர் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நன்றாகப் படிக்கட்டும்.

ஹார்பரில் கன்டெய்னர் தூக்கும் கிரேனை ஓட்டுகிறவர், அதனால் கிரேன் அண்ணாச்சி. சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் சம்சாரமே போனை எடுத்தால் "கிரேன் வீடு" என்றுதான் சொல்லுவார்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. திரேஸ்புரத்தில் ஒரு வலைக்கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலைந்து பேர் கூடுவோம். ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகைதான் போர்க்களம். அதன்மேல் விரலளவு பொம்மைகளை நிறுத்துவோம். வாள்வீரர்கள், குதிரைவீரர்கள், கோடாரி ஏந்திய குள்ளர்கள், பூதங்கள், டிராகன் என்று ஆளுக்கொரு படை. தின்று தீர்த்த மக்ரூன் டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் மலை. பகடை உருட்டி ஒருவர் படையை ஒருவர் அழிப்போம். நாற்பத்தாறு வயதில் பொம்மை வைத்தா விளையாடுகிறீர் என்று கேட்பவர்கள் தாராளமாகச் சமையல் குறிப்புப் பக்கத்துக்குப் போகலாம்.

அண்ணாச்சியின் படையைக் கேளுங்கள். அறுபது வில்லாளிகள். அவ்வளவுதான். ஒரு வாள் கிடையாது, ஒரு குதிரை கிடையாது. எல்லாம் அவரே செய்தது. வில்லுக்குப் பதில் தூண்டில் முள்ளை வளைத்து ஒட்டியிருப்பார். தெரியாமல் கை பட்டால் விரலில் ஏறிவிடும். செத்த பிறகும் குத்துகிற படையை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்?

இந்த அநியாயத்தை அடக்க நான்தான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். அம்பு விடுகிறவர் முதலில் தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டு, இத்தனை இஞ்ச் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் டேப் வைத்து அளப்போம். அரை இஞ்சுக்கு மேல் பிசகினால் அம்பெல்லாம் வீண். என் புத்தியை என்னவென்று சொல்ல! நாளெல்லாம் அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்கும் லாரியின்மேல் கன்டெய்னரை இம்மி பிசகாமல் இறக்குகிறவரிடம் போய்த் தூரம் சொல்லச் சொன்னேன்.

ஒற்றைக் கண்ணை மூடுவார். "பத்தொம்பதரை" என்பார். டேப்பை வைத்தால் பத்தொன்பதரை இருக்கும். என் ஆட்கள் பத்துப் பேர் காலி.

குதிரைப்படையை விட்டுப் பார்த்தேன். பாதி வழியிலேயே படுக்க வைத்தார். கேடயம் வாங்கிக் கொடுத்தேன். கேடயத்தோடு செத்தார்கள். மூன்று மாதம் ராப்பகலாக வண்ணம் தீட்டி ஒரு டிராகனை இறக்கினேன். செதில் செதிலாகத் தீட்டியிருந்தேன், ஐயா! அது சிறகை விரிப்பதற்குள், "இருவத்தி ரெண்டே முக்கா" என்று சொல்லிவிட்டு மக்ரூனைக் கடித்தார். நொறுங்கின தூள் என் டிராகனின் பிணத்தின்மேல் விழுந்தது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ கிட்ட வந்து மோதுங்க. மனுசன் மாதிரி!"

"எதுக்குவே? கிட்ட வந்தா அடிபடும். தள்ளி நிக்கதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது."

"எனக்கு என்ன நல்லது? என் ஆளு பூரா செத்துட்டான்!"

"சரி, ஒரு மக்ரூன் எடுத்துக்கிடும்."

இப்படி நாலு வருஷம். ஜெயிக்கக்கூட ஆசைப்படவில்லை. என் ஆள் ஒருவன், ஒரே ஒருவன், அவர் வரிசையைப் போய்த் தொட்டால் போதும் என்று கிடந்தேன். வீட்டில் சாம்பார் ஊற்றும்போதுகூட யோசனை அதிலேயே ஓடியது. கடைசியில் சில பாடங்கள் பிடிபட்டன. கூட்டமாகப் போகாதே, சிதறிப் போ. மலைக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து முன்னேறு. மூன்றாவதுதான் முக்கியம். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நெருங்கு, யார்மேல் அம்பு விடுவது என்று அவன் திணறட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே செய்தேன். அண்ணாச்சி "பதினாலு" என்றார். டேப் பதினாறு காட்டியது. அறை முழுக்க வாயைப் பிளந்தது. என் குள்ளர்கள் கோடாரியோடு உள்ளே புகுந்து துவம்சம் செய்துவிட்டார்கள். நான் பலகையைச் சுற்றி ஆடினேன். அடுத்த ஞாயிறும் ஜெயித்தேன், அதற்கடுத்த ஞாயிறும் ஜெயித்தேன். 'வில்லாளிகளை வெல்வது எப்படி' என்று எங்கள் வாட்சப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். அண்ணாச்சி அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார்.

அந்த வாரமே ஆபீஸ் வேலையாக ஹார்பருக்குள் போனேன். கிரேனுக்குக் கீழே ஓய்வறைப் பெஞ்சில் அண்ணாச்சி சும்மா உட்கார்ந்திருந்தார். மேலே கூண்டில் வேறு ஆள்.

"என்ன அண்ணாச்சி, இங்கன இருக்கீங்க?"

"கண்ணுல புரை விழுந்திருக்காம்வே. நீரு மொதல்ல ஜெயிச்சீரே, அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். மறுநாள் ஏணியில கால வச்சேன், ஏற மனசு வரல. மேஜையில ரெண்டு இஞ்ச் பிசகுனா உம்ம குள்ளன் பொழைச்சிருவான். இங்கன கீழ நிக்கவன் பொழைப்பானா? நானே போயி ஆபீசர்கிட்ட சொல்லிட்டேன்."

"பொறவும் ஏன் ரெண்டு வாரம் வந்து வெளையாடுனீங்க?"

"தானா சரியாயிருக்கும்னு ஒரு நெனப்பு. ஞாயித்துக்கிழமை சரியாச் சொல்லிட்டம்னா திங்கக்கிழமை ஏறிரலாம்லா."

எனக்கு வந்ததே கோபம்! இந்த மனிதர் தன் பிழைப்பு போய்விட்டதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எதிரில் நான் குதித்துக் குதித்து ஆடியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அதற்குக் கட்டைவிரல் வேறு!

"ஆபரேஷன் பண்ணிட்டா திரும்ப ஏறலாம்லா?"

"அது வேண்டாம்வே. கண்ணுல கத்தியக் கொண்டு வாரானாம்."

"என் டிராகனை ஈவு இரக்கமில்லாமக் கொன்னீங்க. உங்களுக்கா பயம்?"

"அது தூரத்துல இருந்துல்லா கொன்னேன். இவன் கிட்ட வாரான்."

விடவில்லை. அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் சம்சாரம். "இங்கேரும், பெஞ்சிலயே இருந்து ரிட்டயர் ஆவப் போறீரா?" என்று அக்கா கேட்க, நான் என் பங்குக்குக் கத்த, யாருக்குப் பதில் சொல்வது என்று அண்ணாச்சி திணறிப்போனார். என் மூன்றாவது பாடம் உண்மையில் வேலை செய்தது அன்றைக்குத்தான். ஆபரேஷன் அன்று என் பைக்கில்தான் கூட்டிப் போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியேறி வந்தார். மறுநாள் ஹார்பரில் கண் பரிசோதனை. தேறினால் கூண்டு, இல்லாவிட்டால் பெஞ்சுதான். என் குள்ளர்கள் மலைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அண்ணாச்சி ஒற்றைக் கண்ணை மூடினார். நெடுநேரம் பார்த்தார்.

"பதினேழே கால்."

டேப்பின் ஒரு முனையை அவர் வில்லாளியின் காலடியில் வைத்துவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு போனேன். மாதாவே, முருகா, என் படை செத்துப்போகணும் என்று மனசுக்குள் கும்பிட்டேன். இப்படி வேண்டிக்கொண்ட தளபதி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பதினேழே கால். ஒரு நூல் கூடக் குறைய இல்லை.

"எடும்வே, பத்து ஆளையும் எடும்" என்றார் அண்ணாச்சி, மனசாட்சியே இல்லாமல். ஒவ்வொருவராக எடுத்து ஓரத்தில் வைத்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். இப்போதுதான் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே.

"என்னவே, கண்ணு கலங்குது?"

"உங்க தூண்டில் முள்ளு குத்திட்டு அண்ணாச்சி" என்றேன்.

குத்தவில்லை.