ஐம்பதே நிமிஷம்

விமானத்தில் போகிறவர்கள், போகாதவர்கள் என்று மனிதர்களில் இரண்டு வகைதான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: விமானம் பறக்கும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள். முடிவெட்டும் கடையிலோ வங்கி வரிசையிலோ யாராவது வாய்தவறி ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் போதும். "அங்கயா? அம்பதே நிமிஷம்!" என்று விரலைச் சொடுக்குவார்கள்.

என் மாமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் ஒரே தம்பி. அவர் ஊரிலும் எங்கள் ஊரிலும் சின்னதாக ஒரு விமான நிலையம் திறந்த நாளிலிருந்து, இடையில் இருந்த மலையும் ஆறும் அவர் கணக்கில் காணாமல் போயின. "முன்னூறு கிலோமீட்டர்கூட இல்ல. கூப்பிடு தூரம்!"

டாக்ஸி தேடுவதும், இரண்டு மணி நேரம் முன்பே போய் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதும், மேகம் கலையட்டும் என்று ஓடுபாதையைப் பார்த்தபடி கொட்டாவி விடுவதும், இறங்கியபின் பொட்டல்வெளியில் நிற்கும் ஒற்றை ஆட்டோக்காரரிடம் கெஞ்சுவதும் அந்த ஐம்பதில் சேருமா? சேராது. அதெல்லாம் பயணிகளின் கவலை. மாமா ஒரு தடவைகூட ஏறியதில்லை.

போன வருடம் அம்மா படுத்த படுக்கையானாள். தம்பியைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மாமா தினமும் போன் செய்தார்.

"அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லு. அம்பதே நிமிஷத்துல வாசல்ல நிப்பேன்."

"சொல்லிட்டேன்டா. வா."

"வரேன்க்கா. பக்கத்துலதான இருக்கேன், எப்ப வேணா வரலாம்."

"இதையே எத்தனை தடவைடா சொல்லுவ? பேசின நேரத்துக்குப் பறந்திருந்தா உலகத்தையே ஒரு சுத்து சுத்தியிருக்கலாம்."

சிரித்துக்கொண்டே போனை என்னிடம் தந்தாள். பிறகு கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னாள். விமானம் எங்கள் கூரைக்கு மேலாகத்தான் இறங்கும். அந்தச் சத்தம் கேட்டால், தலையைச் சீவிவிடச் சொல்வாள்.

இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வரவேண்டிய பெரியம்மா மூன்று தடவை வந்துவிட்டுப் போனார். தூரத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, கிளம்பித்தான் ஆகவேண்டும்.

அம்மா போய்விட்டாள் என்று நான் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை. மாமா போட்டது போட்டபடி விமான நிலையத்துக்கு ஓடினார். கதவு பூட்டியிருந்தது.

"இன்னிக்கு ஃப்ளைட் கிடையாது சார்" என்றார் காவலாளி. "வாரத்துல மூணு நாள்தான். தெரியாதா?"

தெரியாது. பறக்கும் நிமிஷம் தெரிந்தவருக்குப் பறக்கும் கிழமை தெரியவில்லை.

பஸ் மாறி பஸ் மாறி, வீங்கிய காலோடு மறுநாள் அவர் வந்து சேர்ந்தபோது, வாடகை நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே நாற்காலிக்காரரிடம், "ஃப்ளைட் மட்டும் இருந்திருந்தா, அம்பதே..." என்றார். சொடுக்க உயர்ந்த விரல்கள் சத்தமில்லாமல் மடியில் இறங்கின.

மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்களா? சிரிக்கலாம், தப்பில்லை. அது கிடக்கட்டும், உங்கள் அக்கா வீடு எவ்வளவு தூரம்? யோசிக்காமல் நிமிஷக் கணக்கில் பதில் சொல்லியிருந்தீர்களானால், எதற்கும் இருக்கட்டும், விமானம் எந்தெந்தக் கிழமை என்று விசாரித்து வையுங்கள்.