மாட்டுக்கு ஆகாத பாசி

எங்கள் தெருக்கோடியில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த அக்காவுக்கு ஒரு நல்ல யோசனை உதித்தது. முறைப்படி அது ஏதாவது ஒரு அலுவலகத்தில்தான் உதித்திருக்க வேண்டும். கொட்டில் கழுவிய கழிவுநீரைத் தொட்டிகளில் தேக்கிப் பாசி வளர்த்தாள். பாசி அழுக்கைத் தின்றது, தண்ணீர் தெளிந்தது. பாசியை வழித்துக் காயவைத்து மாடுகளுக்குப் போட்டாள். தீவனம் வாங்க வழியில்லாமல் மாடுகளை விற்க இருந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இவ்வளவு நல்ல காரியம் அனுமதியில்லாமல் நடக்கலாமா? அதிகாரி வந்துவிட்டார்.

"மாட்டுக்குப் போடறதுன்னா பரிசோதனை, சான்றிதழ் எல்லாம் வேணும்மா. வாயில்லா ஜீவன், ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"அடுப்புலயாவது எரிச்சுக்கறேன் சார்."

"எரிபொருளா? அது வேற இலாகா."

"அப்ப கொட்டிடறேன்."

"ஐயையோ! சுற்றுச்சூழல் குற்றம்."

"பின்ன என்னதான் சார் பண்ணித் தொலைக்கறது?"

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "மனுஷங்க சாப்பிடலாம்! அதுக்கு விதியே இல்ல. ஆனா விக்கக் கூடாது, உரிமம் வேணும். சும்மா குடுத்தா சேவை."

இப்படித்தான் காய்ந்த பாசியை இடித்த பச்சைப் பொடி எங்கள் தெருவுக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், குட்டை நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஆனால் பல் டாக்டரின் மனைவி அதைப் பழச்சாற்றில் கலந்து குடித்து, இளமை திரும்பிவிட்டதாகச் சொன்னாரே! தெருவே டப்பாவும் கையுமாக வரிசையில் நின்றது. என் மனைவி எனக்குக் காபியையே நிறுத்திவிட்டாள்.

தொட்டியில் விளைந்ததெல்லாம் எங்கள் வயிற்றுக்குள் போக, மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. "ஒரு கைப்பிடியாவது அதுங்களுக்கு விடுங்கம்மா" என்று அக்கா கெஞ்சினாள். சட்டத்தை மீறச் சொல்கிறாளே என்று எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

கடைசியில் மாடுகளை லாரியில் ஏற்றிவிட்டாள். ஒவ்வொன்றின் கழுத்தையும் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகை, பார்க்கச் சகிக்கவில்லை. நாங்களும் கலங்கித்தான் போனோம். மாடில்லை என்றால் கழிவில்லை, கழிவில்லை என்றால் பொடியில்லை.

நலச்சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. அதிகாரியையே தலைமை தாங்க அழைத்தோம்.

"பாசிக்குத் தேவை கழிவு. அது மாட்டோடதாத்தான் இருக்கணும்னு எந்த விதியும் சொல்லல" என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுவாரமே எங்கள் வீட்டுக் கழிப்பறைக் குழாய்களையெல்லாம் அந்தத் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டோம். பொடி முன்னைவிட நல்ல பச்சை.

நேற்று டம்ளரை நீட்டிய மனைவியிடம் லேசாக முகம் சுளித்தேன்.

"என்ன பிகு பண்றீங்க? குடிங்க" என்றாள். "முன்னதான் மாட்டோடது. இப்ப எல்லாம் நம்ம ஜனங்களோடதுதானே!"