முன் வலத் தோள்

ஓர் ஆறு நடுவே ஓட, இரண்டு பக்கமும் மனிதர்கள் வாழ்ந்ததால் இருகரை நாடு என்று பெயர் பெற்ற நாடு ஒன்று இருந்தது. வடகரையில் அம்மன் கோயிலும் தெப்பக்குளமும். தென்கரையில் தேவாலயமும் மணிக்கூண்டும். அங்கே அரசரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த பிறகு அவருக்குப் பயப்படுவார்கள். மற்றபடி குறை சொல்ல அதிகம் இல்லாத நாடு.

தென்கரையில், பின்வாசல் படிகள் தண்ணீருக்குள் இறங்கும் வீடு தெபோராளுடையது. அவள் கணவர் நெகேமியா பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர். ஆனால் வடகரைக்காரர்கள் அவரை அறிந்தது அவருடைய தோளுக்காக. நல்ல உயரம். வடகரையில் யார் இறந்தாலும் பாடையின் முன் வலப்பக்கம் அவருடைய இடம். தென்கரையில் ஒரு சாவு விழுந்தால் அதே முன் வலப்பக்கம் வடகரைத் தோணிக்காரர் வெயிலுமுத்துவுடையது.

இது ஓலாப் ஐயர் காலத்து ஏற்பாடு. கப்பலில் வந்து இறங்கிய அந்த வெள்ளைக்காரப் பாதிரியார், நாடு முழுவதையும் தம் வேதத்துக்குத் திருப்பிவிடும் எண்ணத்தோடுதான் வந்தார். தெப்பக்குளத்தின் அருகே நின்று உடைந்த தமிழில் அம்மனைக் குறை சொன்னார். வடகரைப் பிள்ளைகள் அவரைப்போலவே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். பாதிப் பேர் அவர் பக்கம் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. இரண்டு பாதிகளுக்கும் பேச்சு நின்றது.

அப்போதுதான் வாந்திபேதி வந்தது. அம்மன் கோயில் பூசாரி இறந்து கிடந்தார். தொட ஆள் இல்லை. ஓலாப் ஐயர் தோணியில் வந்து பாடையைத் தூக்கினார். சுடுகாடு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. பூசாரியை நேரே தேவாலய வாசலுக்குக் கொண்டுபோய் இறக்கி, ஜெபம் சொல்லி, மணி அடிக்கச் செய்தார். பூசாரியின் பெண்டாட்டி ஓடிவந்து அழுதபடி வழிகாட்டிய பிறகுதான் சுடுகாட்டுக்குப் போனார். சில நாட்களில் ஐயரின் மனைவி கிறிஸ்தினாள் அம்மாள் அதே நோயில் போய்ச் சேர்ந்தாள். சபையார் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வடகரை ஆட்கள்தான் வந்து தூக்கினார்கள். அவர்களுக்கும் தேவாலயத்து முறை தெரியாது. தங்களுக்குத் தெரிந்தபடி தோணியில் அக்கரைக்கு ஏற்றி, தெப்பக்குளத்தை வலம் வந்து, சங்கு ஊதி, பிறகே கல்லறை மேட்டுக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஐயரும் பின்னால் நடந்தார்.

அந்த இரண்டு தவறுகளும் அப்படியே வழக்கமாகிவிட்டன. அழுகிற வீடு தூக்கக்கூடாது. எதிர்க்கரைதான் தூக்க வேண்டும். வடகரைப் பிணத்துக்குத் தேவாலய மணி. தென்கரைப் பிணத்துக்குக் குளத்தை ஒரு சுற்று, சங்கு.

தெபோராளுக்குச் சாவு விழுந்த நாட்களில் மிகவும் பிடித்தது எல்லாம் முடிந்த பிறகு வரும் நேரம். தூக்கினவர்கள் குளித்து ஈரத் தலையோடு அவள் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடிப்பார்கள். வடகரைப் பிணம்தான் கனம், எல்லாம் புளியோதரை தின்ற உடம்பு என்பார் நெகேமியா. தென்கரையான் ஜெபம் பண்ணிப் பண்ணியே இளைத்துப்போகிறான், தூக்கினால் காற்றாக இருக்கிறான் என்று வெயிலுமுத்து திருப்பிக் கொடுப்பார். செத்தவரின் மகனே சிரித்துவிட்ட நாட்கள் உண்டு.

பிறகு ஒருமைவர்மர் அரசராக வந்தார். தேர்தலின்போது வடகரையில், தென்கரை உங்களை விழுங்கப் போகிறது என்றார். மாலையில் தோணியேறி வந்து தென்கரையில், வடகரை உங்களை விழுங்கப் போகிறது என்றார். இரண்டு கரைகளும் நம்பி வாக்களித்தன.

அவர் முதலில் நம்பிக்கைக் காவல் துறை என்ற ஒன்றை ஏற்படுத்தினார். யாரும் யாரையும் தவறாக எண்ணிவிடாதபடி வடகரையார் சிவப்புக் கயிறும் தென்கரையார் வெள்ளைக் கயிறும் மணிக்கட்டில் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்து, மணியோசை ஆற்றைக் கடந்து போய் வடகரையார் மனத்தைக் கலைப்பதாகப் புகார் வந்ததால் மணியின் நாக்கில் தேங்காய் நாரைச் சுற்றினார்கள். நியாயம் பொதுவாக இருக்க வேண்டும் என்று சங்குக்குள்ளும் துணியை அடைத்தார்கள். மார்கழிப் பனியில் மணியோசையை வைத்துக் கரை கண்டுபிடித்து வந்த தோணிகள் திசை தெரியாமல் முகத்துவாரத்துப் பாறையில் மோதின. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. பனி எந்த மதத்தையும் சார்ந்தது அல்ல என்று கண்டறிந்து அது கலைந்தது.

மூன்றாவது உத்தரவுதான் தெபோராள் வீட்டுக்குள் வந்தது. நம்பிக்கை என்பது தோள் வழியே ஏறுகிறது என்று அறிஞர்கள் கண்டிருப்பதால், எதிர்க்கரைப் பாடைக்குத் தோள் கொடுப்பது மதம் மாற்றும் முயற்சியாகும். அப்படிக் கொடுக்க விரும்பினால், இறக்க இருப்பவர் தொண்ணூறு நாட்களுக்கு முன்பே தாமாக வந்து அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் துறையே தன் செலவில் தூய்மை ரதம் அனுப்பும். தென்கரைச் சபையின் தலைமைக் குரு இதை வரவேற்று நன்றி தெரிவித்தார். நம்முடைய பரிசுத்தமானவர்களுக்குப் பின்னால் சங்கு ஊதுவது அவருக்கு எப்போதுமே உறுத்தலாக இருந்ததாம்.

நெகேமியா அப்போது படுக்கையில் இருந்தார். நெஞ்சில் நீர் கோத்திருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

“ஏல வெயிலு, முன் வலம் நீதான். அந்த வண்டியில என்னைய ஏத்தவிட்டுராத.”

“கிடக்கட்டும்வே. எனக்கு முந்தி நீரு போயிருவீராக்கும்” என்று சொல்லிவிட்டு வெயிலுமுத்து வெளியே வந்து, படியில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெபோராள் துறை அலுவலகத்துக்குப் போனாள். கண்காணிப்பாளர் தர்மலிங்கனார் உயரமான நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருடைய இரண்டு மணிக்கட்டுகளிலும் இரண்டு நிறக் கயிறுகளும் இருந்தன. அரசு எல்லோருக்கும் பொது.

“உமது கணவர் எந்தத் தேதியில் இயற்கை எய்த உத்தேசித்திருக்கிறார்?”

“அவுக இன்னும் ஒண்ணும் சொல்லல, ஐயா.”

“தேதி இல்லாத மனுவை அரசு ஏற்பதற்கில்லை. தொண்ணூறு நாள் அவகாசம் சட்டத்தின் உயிர்நாடி.”

“அப்போ இன்னும் தொண்ணூறு நாளு உசுரோட இருக்கணும்னு அவுகளுக்கு ஒரு உத்தரவு போட்டுத் தாங்க. சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுசன். கேட்டுக்கிடுவாக.”

கண்காணிப்பாளர் யோசித்தார். அது சுகாதாரத் துறையின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

நெகேமியா அந்த வாரமே போய்விட்டார். விடிந்ததும் தூய்மை ரதம் தெருவாசலில் வந்து நின்றது. கண்காணிப்பாளரும் காவலர்களும் உடன் வந்திருந்தார்கள். தெபோராள் முன்கதவைத் திறக்கவில்லை. பின்வாசலில் வெயிலுமுத்துவின் தோணி படியோடு ஒட்டி நின்றது. அவளும் இரண்டு மகள்களுமாகப் பாடையை இறக்கித் தோணியில் வைத்தார்கள். கணவரின் எடையை அவள் கைகள் அன்றுதான் முழுதாக அறிந்தன.

காவலர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தபோது தோணி நகர்ந்துவிட்டிருந்தது. வெயிலுமுத்து ஊன்றுகழியை ஆற்றின் அடியில் ஊன்றி, அதன் மறுமுனையைத் தம் வலத் தோளில் அண்டக்கொடுத்து, தோணியின் முன்னிருந்து பின்வரை அழுத்தி நடந்தார். கழியை உருவி மறுபடி முன்னால் போய் ஊன்றினார். பாடை மேல் அவருடைய விரல்கூடப் படவில்லை. கரையோடு கூடவே ஓடிய கண்காணிப்பாளர், தோள் தோள் என்று கத்தினார்.

“கழிக்குத்தான ஐயா குடுக்கேன்” என்றார் வெயிலுமுத்து, திரும்பாமலே.

தோணி வடகரை ஓரமாக, தெப்பக்குளம் தெரிகிற இடத்தில் ஒரு வட்டம் போட்டது. படித்துறையில் நின்றவர்கள் துணி அடைத்த சங்கை வாயில் வைத்து ஊதினார்கள். ஓசை வரவில்லை. கன்னங்கள் உப்பியது மட்டும் தெபோராளுக்குத் தெரிந்தது. அது போதுமாக இருந்தது. தோணி திரும்பியதும், கல்லறை மேட்டில் குழி வெட்டினவர்கள் பாடையை வாங்கி இறக்கினார்கள்.

அன்று மாலை கண்காணிப்பாளர் அறிக்கை எழுத உட்கார்ந்தார். பிணத்தைச் சுமந்தது தோணி. தோணியை நகர்த்தியது கழி. கழியைத் தாங்கியது ஆற்றின் தரை. சட்டப்படி ஆற்றின் தரை அரசருடையது. அப்படியானால் எதிர்க்கரைப் பிணத்துக்குத் தோள் கொடுத்தவர் மாமன்னர் என்று ஆகிறது. அதை எழுத அவருக்குத் துணிவு வரவில்லை. குற்றம் ஆற்றின் மேல் என்று எழுதிவிட்டார்.

ஆறு எந்தக் கரையைச் சேர்ந்தது என்று தெரிவிக்க வேண்டும் என அதற்கு அறிவிப்பு ஒட்டப்பட்டது. பதில் வராததால் அதை நடுவே இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தார்கள். மலையிலிருந்து முகத்துவாரம் வரை நட்டாற்றில் பனங்கட்டைகளை வரிசையாக அடித்து இறக்கினார்கள். தோணிகள் நின்றன. வெயிலுமுத்து ஊன்றுகழியை வீட்டுக் கூரையில் செருகிவிட்டுத் திண்டாடினார். கட்டைகளுக்கு இடையில் சருகு சிக்கியது, சருகில் மணல் நின்றது. இரண்டு வெள்ளம் வந்து வடிந்தபோது ஆறு இருந்த இடத்தில், கரைக்குக் கரை, ஒரு மணல்மேடு கிடந்தது. ஆடுகள்தான் முதலில் கடந்தன.

மறுதேர்தல் நெருங்கியிருந்தது. அரசருக்கு இது புரியச் சற்று நேரம் பிடித்தது, புரிந்ததும் மகிழ்ந்தார். முன்னோர் எவராலும் முடியாததை மாமன்னர் சாதித்தார், இரு கரைகளையும் இணைத்தார் என்று முரசறைந்தார்கள். அவர் அதன் மேல் நடந்து திறந்துவைக்க நாள் குறித்தார்கள். காவலர்கள் மணலைப் பெருக்கிக் கோலம் போட்டார்கள்.

அந்த நாளுக்கு முந்தின நாள் வெயிலுமுத்து இறந்தார்.

தென்கரையிலிருந்து ஆட்கள் மணலில் நடந்து போனார்கள். வெகுகாலமாகத் தூக்காதவர்கள். முன் இடப்பக்கமும் பின் இரண்டு பக்கமும் நிரம்பின. முன் வலப்பக்கம் காலியாக இருந்தது. அது நெகேமியாவின் இடம் என்று யாரும் நெருங்கவில்லை. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பதில் மட்டும் இரு கரைகளும் எப்போதுமே ஒரே கருத்து. தெபோராள் தெருமுனையில் நிற்கவில்லை.

“மதினி மதினின்னு கூப்பிட்ட மனுசன்” என்று மட்டும் சொன்னாள். முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்து, அதன் மேல் மூங்கிலை வாங்கிக்கொண்டாள்.

தேவாலயத்துக்குக் கொண்டுபோக மணல்மேட்டில் ஏறினார்கள். சட்டம் இன்னும் சட்டமாகத்தான் இருந்தது. ஆனால் காவலர்கள் இதை நாளைய ஊர்வலத்தின் ஒத்திகை என்று எண்ணிக்கொண்டு வணக்கம் வைத்தார்கள். அவளுக்கு உயரம் போதவில்லை. பாடை அவள் பக்கம் சாய்ந்தது. மற்ற மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, அவள் உயரத்துக்கு வந்து, அக்கரை வரை அப்படியே நடந்தார்கள். பின்னால் வந்தவர்களும் ஏனென்று கேட்காமல் குனிந்தார்கள்.

மாமன்னரின் மணல்மேட்டைக் குடிமக்கள் உடல் வளைத்துப் பணிந்து கடந்தனர் என்று மறுநாள் அரசிதழில் வந்தது.