தசமியில் வாங்கிய இன்சூரன்ஸ்

நல்ல நாள் பார்ப்பதில் என்னை மிஞ்சிய முட்டாளை எங்கள் ஊர் இரணியல் கண்டதில்லை. (போட்டிக்கு ஆள் இருந்தால் வரட்டும்.)

ஐம்பதுகளின் தொடக்கத்தில், பனந்தும்பு, அதாவது பனைமட்டை நார், ஏற்றுமதி செய்த ஒரு முதலாளியிடம் குமாஸ்தாவாக இருந்தேன். தும்பு லண்டனுக்குப் போகும். வாங்குகிறவரின் பாங்க் முன்கூட்டியே எல்.சி. என்று ஒரு கடிதம் அனுப்பும். கப்பல் ரசீது, இன்சூரன்ஸ் என்று அதில் கேட்ட காகிதங்களைக் கேட்டபடியே கொடுத்தால்தான் பணம். தும்பை அவர்கள் மோந்துகூடப் பார்ப்பதில்லை.

முதல்முறையாக என்னைத் தனியே தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் எனக்கு நிச்சயதார்த்தம்.

"சரக்க ஏத்திட்டு ஓடி வந்துரு மக்கா" என்றார் முதலாளி.

சரக்கு ஏறிய அன்று அஷ்டமி. கப்பலை நிறுத்த முடியவில்லை (கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள்). இன்சூரன்ஸ் காகிதமாவது நல்ல நாளில் பிறக்கட்டும் என்று நவமியையும் கழித்து, தசமி காலையில் குளித்துத் திருநீறு பூசிப் போய் வாங்கினேன்.

பாங்க் அதிகாரி தேதியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏய்யா, கப்பலு போயி ரெண்டு நாளாச்சு. இன்சூரன்ஸ் இன்னைக்கா? அதுக்குள்ள சரக்கு முங்கியிருந்தா?"

"முங்கலியே சார்."

"ஒம்ம காயிதம் முங்கிட்டே!"

இந்தக் காகிதமே போதும் என்று லண்டன்காரர் சம்மதித்துத் தந்தி அடித்தால்தான் பணம். தந்தியோடு வா, இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று முதலாளி எழுதிவிட்டார். பதினோரு நாள் கிடந்தேன். லாட்ஜில் பேச ஒரு ஆளில்லை. தினமும் பாங்குக்குப் போவேன். அங்கே பியூன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த ஊரில் என் பெயர் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த நேரத்தில் கடற்கரையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன். (இதை வீட்டில் இதுவரை சொன்னதில்லை.)

கடைசியில் தந்தி வந்தது, வேலையும் தப்பியது. ஊர் திரும்பினால் பெண் வீட்டார் மறுபடி பஞ்சாங்கத்தை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து மணப்பெண் பொன்னம்மையின் குரல் வந்தது.

"இனியும் நாளு பாத்தா அவரு எங்கயாம் போயிருவாரு. வாற அஷ்டமியே போரும்."

அப்படியே நடந்தது. அதன் பிறகு ஆயுள் முழுக்க நான் பஞ்சாங்கத்தைத் தொட்டாலே அடுக்களையிலிருந்து கேட்பாள்: "கப்பலு போயாச்சா?" பிள்ளைகளும் இப்போது எதற்குத் தாமதமானாலும் போனில் அதையே கேட்டுச் சிரிக்கிறார்கள்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் நான் மட்டும்தான். எனக்கு இனிப் பார்க்க வேண்டிய நாள் ஒன்றும் இல்லை. ஆனாலும் காலையில் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு, அடுக்களை வாசலுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.