சீனிச் சாமியும் சவுக்காரக் கட்டியும்

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்று, தமிழர் தங்கள் பெயரைப் போலீஸில் பதிவதற்கு. மற்றது சீனிச் சாமிக்கு. முதல் வரிசையில் நின்றவர்கள் தலைவிதியே என்று நின்றார்கள். இரண்டாவதில் நின்றவர்கள் குளித்து முழுகி, காணிக்கையும் கொடுத்து, சிரித்த முகத்தோடு நின்றார்கள்.

கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளம்தான் சாமியின் ஆச்சிரமம். நீரிழிவை ஐந்தே நிமிடத்தில் இறக்குவார். வெறும் வாய்ப்பேச்சில்லை, மேசையில் இரத்தச் சீனி பார்க்கும் அமெரிக்க மெஷின் இருந்தது. மற்றச் சாமிகள் வாயிலிருந்து லிங்கம் எடுத்தார்கள். இவர் விஞ்ஞானத்தையே எடுத்துக் காட்டினார்.

இராஜநாயகம் துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். பதினாலு வருடமாகச் சீனி வருத்தம். கடிதத்தில் ஒரு கமா பிழையாயிருந்தாலும் திருப்பி அனுப்பிய மனிதர். அவரைத்தான் மனைவி கனகேஸ்வரி ஒரு வெள்ளிக்கிழமை சாமியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

சாமி அவருடைய வலது உள்ளங்கையில் கற்கண்டுப் பொடி வைத்தார். "விரலால தொட்டு வாயில வையுங்கோ. பிரசாதம் பட்ட கையைக் கழுவக் கூடாது, சக்தி போயிடும்."

இராஜநாயகம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். உதவிக்கு நின்ற பெண் அதே கையின் விரலில் ஊசியால் குத்தி, இரத்தச் சொட்டை மெஷினில் செருகிய பட்டியில் தொட்டாள். முப்பது விநாடி. 398.

கூட்டம் "ஐயோ!" என்றது.

பிறகு ஒரு செம்புச் சட்டியிலிருந்த தீர்த்தத்தில் ஐந்து நிமிடம் கையை அமிழ்த்தி, விரல்களைத் தேய்த்தபடி மந்திரம். துவாயால் ஒற்றி, மறுபடி குத்து. 191.

கூட்டம் "அரோகரா!" என்றது.

"மெஷின் பொய் சொல்லாது," என்றார் சாமி. உண்மைதான். அந்த அறையில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.

இலக்கத்தைக் கண்டால் நம்பிவிடுவது இராஜநாயகத்தின் முப்பது வருடப் பழக்கம். டாக்டர் கொடுத்த குளிசையை அன்றே நிப்பாட்டினார். கேசரி தொடங்கியது. மகள் கனடாவிலிருந்து அனுப்பிய மெஷின் ஒன்று அலுமாரியில் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. ஆச்சிரமத்து மெஷின் மாதிரி அதற்கு மந்திரம் தெரியாதே!

இரண்டாம் வெள்ளி 233இல் போய் நின்றது. மூன்றாம் வெள்ளி 270. ஒவ்வொரு தரமும் இருநூறு இறங்கியது என்றுதான் எல்லோரும் கும்பிட்டார்கள். இறங்கி எங்கே நிற்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

இடக்கால் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. ஓயாத தாகம். சாமியிடம் சொன்னபோது, "வருத்தம் கால் வழியா வெளியேறுது," என்றார்.

அந்தக் கிழமைதான் கொட்டாஞ்சேனையிலிருந்து செலீன் வந்தார். இராஜநாயகத்தோடு வேலை செய்த வின்சன்றின் தங்கை. ஆஸ்பத்திரி லாப்பில் இருபத்தெட்டு வருடம் ஊராருடைய இரத்தத்தைப் பார்த்தவர். வந்ததும் கண் காலுக்குத்தான் போனது.

"அண்ணன், குளிசை போடுறீங்களா?"

"நிப்பாட்டிப் போட்டன். தீர்த்தத்தில இருநூறு இறங்குதே."

"எங்க இறங்குது? உடம்பிலயா, கையிலயா?"

இராஜநாயகத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. கனகேஸ்வரிக்கு விளங்காமலே கோபம் வந்தது. "நீங்களும் வந்து பாருங்கோவன்!"

வெள்ளிக்கிழமை மூவரும் போனார்கள். செலீனின் பையில் கனடா மெஷினும் ஒரு சவுக்காரக் கட்டியும். காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மெஷினை வெளியே எடுத்தான். "மே மொகக்த?" இதென்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"லே வல சீனி பலன மெஷின் எக, மல்லி," என்று, இரத்தச் சீனி பார்க்கும் மெஷின் தம்பி என அவன் பாஷையிலேயே சொன்னார் செலீன்.

அவன் திருப்பிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், மணந்தும் பார்த்துவிட்டுத்தான் விட்டான். வெள்ளவத்தையில் அப்படியொரு மெஷினைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் அவன்தான்.

ஆச்சிரமத்தில் இராஜநாயகத்தின் முறை வந்தது. வலக்கையில் கற்கண்டு விழுந்தது. செலீன் அவரைப் பைப்படிக்குக் கூட்டிப்போய் இடக்கையை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டார்.

"சாமி, உங்கட மெஷினாலேயே ரெண்டு கையையும் பாருங்க."

வலக்கை 471. இடக்கை 284.

கனடா மெஷினைத் திறந்து செலீன் இடக்கையை மறுபடி பார்த்தார். 297.

"மெஷினுக்கு மெஷின் பத்துப் பதினைஞ்சு கூடக் குறைய வரும். அது பிழையில்ல. ஒரே ஆளின்ர ரெண்டு கைக்கு இருநூறு வித்தியாசம் வருமா?"

"வலக்கை கர்மக் கை. பாவம் அதிலதான் சேரும்," என்றார் சாமி.

செலீன் வலக்கையையும் கழுவிப் பார்த்தார். 288. "பைப் தண்ணியிலயும் பாவம் போகுதே! மாநகரசபைக்கும் ஒரு அரோகரா போடுங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். இராஜநாயகம் சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கியதெல்லாம் விரல்நுனியில் ஒட்டிய பொடி. உடம்புக்குள் ஏறியது ஏறியபடியே இருந்திருக்கிறது. கால்விரல் விண்ணென்று வலித்தது.

கனகேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. முழு நம்பிக்கையோடு எழும்பினாள். "சாமி, உங்களுக்குத்தான் சீனி வருத்தமே இல்லையே! உங்கட கையைக் காட்டி இவவின்ர வாயை அடையுங்கோ!"

காலையிலிருந்து கற்கண்டு அள்ளிய கையைச் சாமி மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "துறவி இரத்தம் சிந்தக் கூடாது."

மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்த ஸைனம்பு விடவில்லை. "நாங்க கிழமைக்குக் கிழமை சிந்துறமே. நீங்க ஒரு சொட்டுச் சிந்தினா என்ன?"

கூட்டம் நெருங்கியது. வேறு வழியில்லாமல் சாமி விரலை நீட்டினார். உதவிப் பெண் குத்தினாள். முப்பது விநாடி. மெஷினில் இலக்கமே இல்லை. HI என்று இரண்டு ஆங்கில எழுத்துத்தான் வந்தது.

முன்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "மெஷின் சாமிக்கு ஹாய் சொல்லுது!"

"அரோகரா!"

"ஹாய் இல்ல, ஹை," என்றார் செலீன். "அறுநூறுக்கு மேல. இது இரத்தத்தில இருக்கிற சீனியெண்டா, சாமி இந்நேரம் மயங்கி விழுந்திருக்க வேணும்."

சாமி உடனே மயங்கி விழுந்தார்.

செலீன் பதறவில்லை. விழுந்த இடத்திலேயே அந்தக் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி குத்தினார். "எழும்புங்க. தொண்ணூற்றாறு. இந்த அறையிலயே சுகமான ஆள் நீங்கதான்."

சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கூட்டம் இன்னும் நிற்கிறதென்று கண்டு மறுபடி மூடிக்கொண்டார்.

இராஜநாயகம் அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினாறு நாள் படுக்கை. விரல் மயிரிழையில் தப்பியது. கனகேஸ்வரி அந்தப் பதினாறு நாளும் கட்டிலருகே இருந்து கனடா மெஷினின் விளக்கப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு அவளே கணவனுக்கு ஆசிரியை. "கையைக் கழுவுங்கோ. ஈரம் போகத் துடையுங்கோ. விரலின்ர நடுவில இல்லை, பக்கத்தில குத்துங்கோ, நோகாது. பட்டிப் போத்தலை மூடுங்கோ, கடல்காத்துப் பட்டால் பழுதாப் போயிடும்." அவ்வளவுதான். மெஷின் பாவிக்க ஒரு மந்திரமும் தேவைப்படவில்லை.

சாமி இப்போது நுகேகொடைப் பக்கம் பிரஷர் இறக்குகிறாராம். அங்கேயும் மேசையில் ஒரு மெஷின் இருக்கிறதாம். மெஷின் இலக்கத்தைத்தான் சொல்லும், ஐயா. அந்த இலக்கம் எப்படி வந்தது என்று கேட்பது கழுத்துக்கு மேலே உள்ளதின் வேலை. அது திருநீறு பூசுவதற்கு மட்டும் வளர்ந்ததல்ல.