இடது தோளும் உங்கள் அக்காவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். இந்த ஒரு வரியை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் மீதிக் கடிதம் முழுவதும். அங்கே நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாளைக் காலை உங்கள் வாசலில் பெட்டியோடு வந்து நிற்கப்போகும் என் மனைவியும் சுகமாகவே வந்து சேரட்டும். கைப்பேசியில் நான் தட்டச்சு செய்வதை உங்கள் பிள்ளைகள் கேலி செய்வதால், கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

ஆமாம் மச்சான், உங்கள் அக்கா கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள். உள்ளறையில் துணி மடிக்கும் சத்தம் கேட்கிறது. துணி மடித்தால் சத்தம் வருமா என்று கேட்காதீர்கள், அவள் மடித்தால் வரும். வந்ததும் வராததுமாக, "உன் அத்தானுக்கு உடம்பும் போச்சு, மனசும் போச்சு" என்பாள். நம்பிவிடாதீர்கள்.

என் உத்தியோகம் உங்களுக்குத் தெரியும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அந்த அழைப்பு என்னிடம் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் என் பரம்பரையையே திட்டினாலும், "பதறாதீங்க, நான் உங்ககூடவே இருக்கேன்" என்பேனே தவிர, இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அப்பேர்ப்பட்டவனுக்கு மன அழுத்தமாம்!

எல்லாம் அந்தத் தையற்காரர் ஆரம்பித்துவைத்தது. சட்டைக்கு அளவெடுக்கும்போது, "சார், இடது தோள் மேல நிக்குது, கொஞ்சம் இறக்குங்க" என்றார். இறக்கினேன். "இறக்குங்க சார்." இறக்கித்தானய்யா இருக்கிறேன் என்றேன். அந்த நேரம் பார்த்து யாருடைய கைப்பேசியோ அடித்தது, என் தோள் தானாகவே எழும்பிப் போய்க் காதில் ஒட்டிக்கொண்டது. "இந்தத் தோளுக்குத் தனியா ஒரு காலர் வெக்கணும்" என்று அவர் சிரித்தார். கூட வந்திருந்த உங்கள் அக்கா சிரிக்கவில்லை. அங்கிருந்து என்னைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தூக்கத்தில் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்துவிட்டதாம். "யார் மேல சார் இவ்வளவு கோபம்?" என்றார். ஒருத்தர் மேலும் இல்லை என்றேன். "அப்ப பல்லு மேலதான்" என்று எழுதி, பெரிய டாக்டரிடம் தள்ளிவிட்டார். அவர் வயிற்றெரிச்சல், படபடப்பு, கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுவது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு நாள்ல வந்ததில்ல, வருஷக்கணக்கா சேர்ந்தது. மணி அடிச்சாப் போதும், உங்க உடம்பு ஓடத் தயாராயிடுது" என்றார். நான் நாற்காலியை விட்டே எழுந்திருப்பதில்லையே டாக்டர் என்றேன். "அதான் வம்பே. அது ஓட நிக்குது, நீங்க உட்காரவெச்சிருக்கீங்க."

நேற்றைய ஸ்பூன் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவள் சொல்லத்தான் போகிறாள். சமையலறையில் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தது. ஒரு சத்தத்துக்கு இவ்வளவு பெரிய சத்தமா என்று கேட்கும்படி நான் கத்தினேன். ஸ்பூனைப் போட்டது நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் அழவில்லை. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பொறுமை. அத்தனையையும் அங்கேயே செலவழிச்சிட்டு எனக்கு மீதி எரிச்சலைக் கொண்டுவரீங்க. ஒண்ணு அந்த வேலை, இல்ல நான்" என்றாள்.

நான் ஸ்பூனைக் கழுவப் போய்விட்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். மச்சான், நாலு நல்ல வார்த்தை சொல்லி அவளைத் திருப்பி அனுப்புங்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லுங்கள். இதோ கதவு சாத்துகிற சத்தம், கிளம்பிவிட்டாள். தோள் மேலே போய்விட்டது.

உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, மணி அடிக்காத உத்தியோகமாகப் பார்த்துப் போகட்டும்.

இப்படிக்கு,
எந்தக் குறையும் இல்லாத உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் அழைப்பு வந்தது. இன்று எனக்கு வீட்டிலிருந்தே வேலை. எதிர்முனையில் பேச்சில்லை, ஒரு பெண் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. வழக்கம்போல ஆரம்பித்தேன்: "பதறாதீங்கம்மா. கதவைத் தள்ளாதீங்க. கையில பெட்டி இருந்தா அது மேலயே உட்காருங்க. ஆள் வந்துகிட்டே இருக்காங்க. நான் எங்கயும் போகமாட்டேன்." பிறகு, "என்கிட்ட இப்படிப் பேசி எத்தனை வருஷமாச்சுங்க" என்று ஒரு குரல் அழுதது. எங்கள் கட்டட லிஃப்ட்தான் மச்சான். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதே மறந்துபோய், "நீ போகாதே, என்னால முடியலை" என்றேன். கடைசியில் மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை அவள்தான், "பதறாதீங்க, நான் உங்ககூடவேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே முதலில் உள்ள 'நலம்' என்பதை அடித்துவிடவும். டாக்டர் சொன்னது முழுக்க உண்மை. வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிவிட்டேன், விடுப்பும் போட்டாயிற்று. நாளை உங்கள் வாசலில் நாங்கள் இருவரும் நிற்போம். படியில்தான் இறங்குகிறோம். அவள் பெட்டியை என் இடது தோளில்தான் ஏற்றப்போகிறாளாம், அப்படியாவது அது இறங்குகிறதா பார்க்கலாம் என்கிறாள்.